ரீபூட் வந்த பிறகு எந்தத் தகவல் எந்தக் காலக்கோட்டில் சேரும்? (ஸ்டார் ட்ரெக் 2009, கான், மற்றவை)

#1 வல்கன்வாசி

வணக்கம் நண்பர்களே. ஸ்டார் ட்ரெக் பாத்திரங்கள், கலங்கள், சம்பவங்களுக்குத் தமிழில் ஒரு விக்கி தொகுத்துக்கொண்டிருக்கிறோம். பழைய கதையைப் புதிய நடிகர்களோடு மீண்டும் தொடங்கிய (ரீபூட்) 2009 படத்துக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் திருத்தச் சண்டை. ஒருவர் மாற்றுவதை இன்னொருவர் திருப்பி வைக்கிறார். முக்கியமாக மூன்று இடங்கள்:

செக்காவ் (எண்டர்பிரைஸ் கலத்தின் இளம் அதிகாரி): 1967 எபிசோடில் தனக்கு 22 வயது என்கிறார். கதை நடப்பது 2267 என்றால் பிறப்பு 2245. 2009 படத்தில் 2258-ல் அவருக்கு 17. அப்படியானால் 2241.

கெல்வின் கலம்: பின்னாளில் எண்டர்பிரைஸ் கேப்டனாகும் கிர்க்கின் அப்பா 800 உயிரைக் காப்பாற்றினார் என்று 2009 படத்தில் கேப்டன் பைக் சொல்கிறார். பழைய தொடரில் எண்டர்பிரைஸிலேயே 430 பேர்தான். 2233-ல் அதற்கு முந்தைய தலைமுறைக் கலத்தில் எப்படி 800?

கான் (யூஜெனிக்ஸ் போர்க் காலத்து மரபணு மேம்பட்ட வில்லன்): அவர் காலத்துக்கு 1967-ல் ஒரு தேதி, 2013 படத்தில் வேறு முகம், 2023-ல் வேறு தேதி.

எந்தப் படம் நல்ல படம் என்ற வாதம் வேண்டாம். பக்கம் எழுதுகிறவர் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கக்கூடிய விதிகள் வேண்டும்.

#2 நெபுலா

முதல் வேலை, இது எந்த வகை ரீபூட் என்று முடிவு செய்வது. அதைச் செய்யாமல் தனித்தனித் தகவலில் இறங்குவதால்தான் சண்டை ஓயாமல் போகிறது.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா 2003 முழு ரீபூட். 1978 தொடரின் பெயர்கள், சூழல், துரத்தல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பழைய கதையில் நடந்த ஒரு சம்பவம்கூடப் புதிய கதையில் "ஏற்கெனவே நடந்தது" ஆகாது. ஸ்டார்பக் ஆணா பெண்ணா என்று கேட்டால் இரண்டும் சரி, இரண்டும் வேறு ஆட்கள். பழைய அப்போலோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச் புதியதில் டாம் ஸாரெக்காக வந்தார். நடிகர் ஒருவர் என்பதால் இரண்டு கதைகளுக்கும் பாலம் போட முடியாது. அங்கே பக்கத்தை இரண்டாக வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

2009 ஸ்டார் ட்ரெக் அப்படி இல்லை. அது கிளை. பழைய காலக்கோட்டு ஸ்பாக், லெனார்ட் நிமாய் நடித்தவர், 2387-லிருந்து வருகிறார். அவர் இல்லாமல் படத்தின் கதையே நகராது. பழையது நடந்திருந்தால்தான் புதியது நடக்க முடியும்.

வகையைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். பழைய கதையிலிருந்து ஒரு ஆளோ பொருளோ நினைவோ புதியதற்குள் வருகிறதா? வருகிறது என்றால், கதை பிரியும் இடத்துக்குத் திரையில் தேதி உண்டா? உண்டு என்றால், அந்தத் தேதிக்கு முந்தைய சம்பவங்களைப் புதிய கதை பயன்படுத்துகிறதா? முதல் கேள்விக்கே இல்லை என்றால் முழு ரீபூட். மூன்றுக்கும் ஆம் என்றால் கிளை, அந்தத் தேதிதான் உங்கள் வெட்டுக்கோடு. இங்கே அது 2233, எதிர்காலத்திலிருந்து வந்த ரோமுலன் இனத்தவரின் கலமான நராடா கெல்வினைத் தாக்கும் தருணம்.

செக்காவ் இதிலேயே தீர்ந்துவிடுகிறார். இரண்டு பிறந்த வருடங்களும் 2233-க்குப் பிந்தையவை. கிளை பிரிந்த பிறகு பிறந்த இருவர். முரண்பாடே கிடையாது, இரண்டு பக்கம் போதும்.

#3 சிவப்புப்பொருள்

நெபுலா, வெட்டுக்கோடு சரி. ஆனா "கிளை"ங்கிறதை எங்கிருந்து எடுத்தீங்க? ஸ்டார் ட்ரெக்ல காலப்பயணம்னா கிளைன்னு எப்பவுமே சொன்னதில்ல. 1967-ல வந்த "த சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்" பாருங்க. மெக்காய் பழங்காலத்துக்குப் போய் ஒரே ஒரு உயிரைக் காப்பாத்துறார், மேல சுத்திக்கிட்டிருந்த எண்டர்பிரைஸே காணாமப் போயிடுது. அது அழிச்சு எழுதுறது, கிளை இல்ல. அந்தக் கணக்குப்படி 2233-க்கு அப்புறம் நடந்த எல்லாமே, 1966-லிருந்து நாம பார்த்த தொடர்கள்ல பெரும்பாலானது, நராடா வந்த அந்த நிமிஷத்துலயே போச்சு. ரசிகர்கள் கோவப்பட்டது வெறும் ஒப்பனைக்காகவோ லென்ஸ் ஒளிக்காகவோ இல்ல. ஒரு நாற்பது வருஷக் கதையை இல்லாம ஆக்கிட்டாங்கங்கிற வேதனை அது. அதை "வகைப்படுத்தல் பிரச்சினை"ன்னு தாண்டிப் போக முடியாது.

#4 நெபுலா

வேதனை நியாயமானது. ஆனால் திரையில் இதற்குப் பதில் இருக்கிறது.

1993-ல் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் "பாரலல்ஸ்" எபிசோடில் கிளிங்கான் இனத்து அதிகாரி வார்ஃப் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்கும் பல யதார்த்தங்களுக்குள் மாறி மாறி விழுகிறார். ஆகவே இந்த உலகத்தில் அழித்து எழுதுவதும் உண்டு, இணை யதார்த்தமும் உண்டு. 2009 படத்திலேயே நடந்திருப்பது மாற்று யதார்த்தம் என்று உஹுரா வாயால் சொல்ல வைக்கிறார்கள்.

அது மட்டும் இருந்தால் பாத்திரத்தின் ஊகம் என்று தள்ளலாம். டிசம்பர் 2020-ல் டிஸ்கவரியின் "டெர்ரா ஃபர்மா" முதல் பாகத்தில் கோவிச் ஒரு அதிகாரியைப் பற்றிச் சொல்கிறார்: யோர். ரோமுலன் சுரங்கக் கலம் ஒன்று காலத்தில் பின்னே போனதால் உருவான வேறு பிரபஞ்சத்திலிருந்து வந்தவர். சொல்பவர் பிரைம் (பழைய) காலக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு கெல்வின் (2009 படத்தின்) காலக்கோட்டைப் பற்றிப் பேசுகிறார். இரண்டும் உயிரோடு இருக்கின்றன. அதே 2020-ல் தொடங்கிய பிக்கார்ட் தொடரும் ரோமுலன் சூரியன் வெடித்ததன் பின்விளைவில்தான் நிற்கிறது. ஸ்பாக் காணாமல்போன பிறகும் அந்தக் காலக்கோடு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

உங்கள் வாதம் பொருந்தும் இடம் 2014-ல் வந்த எக்ஸ்-மென் படம். அங்கே 1973-ல் செய்த மாற்றம் பின்னால் வந்ததை உண்மையிலேயே மாற்றி எழுதுகிறது.

#5 ஆர்ச்சர்_கட்சி

வெட்டுக்கோட்டுக்கு முன்னால் இருப்பது பொதுச் சொத்து என்பதற்கு ஆதாரம் தேவையென்றால் 2016-ல் வந்த பியாண்ட் படத்தைவிடத் தெளிவாக எதுவும் இல்லை. ஃப்ராங்க்ளின், பதிவெண் என்எக்ஸ்-326, 2160-களில் தொலைந்த பூமிக் கலம். அதன் கேப்டன் எடிசன் மாக்கோ என்ற பூமி இராணுவப் பிரிவின் படைவீரராக இருந்தவர், ஸிண்டி, ரோமுலன் போர்களைப் பார்த்தவர். இவை எண்டர்பிரைஸ் தொடரில் (2001–2005) வேர்கொண்டவை. வில்லனின் மனக்கசப்பே அந்தப் போர்களில் இருந்து வருகிறது. அதை எடுத்துவிட்டால் படத்துக்குக் காரணம் கிடையாது. 2013 படத்தில் அட்மிரல் மார்கஸின் அறையில் என்எக்ஸ்-01 மாதிரி வரிசையாக வைத்திருக்கும் கலங்களில் ஒன்று. 2009-ல் ஸ்காட்டி தொலைத்த "அட்மிரல் ஆர்ச்சரின் பீகிள் நாய்" நகைச்சுவைக்காக வந்த வரி. அந்த ஆர்ச்சர் அதே ஆர்ச்சர்தானா என்று வாதிட இடமிருக்கிறது. ஃப்ராங்க்ளினில் அந்த இடம் இல்லை.

கெல்வினின் 800 பேர் பற்றி. 2016-ல் சைமன் பெக், அந்தப் படத்தின் கதையாசிரியர்களில் ஒருவர், ஒரு விளக்கம் எழுதினார்: நராடா வந்ததால் யதார்த்தம் முன்னும் பின்னும் எல்லாத் திசையிலும் மாறியது, எனவே 2233-க்கு முன்பும் வேறுபாடு இருக்கலாம். இதைப் பக்கத்தில் சேர்ப்பதானால் "தயாரிப்பாளர் கருத்து" பிரிவில் மட்டும் சேருங்கள். திரையில் எங்கும் சொல்லப்படவில்லை. மேலும் அதை விதியாக எடுத்துக்கொண்டால் வெட்டுக்கோடே போய்விடும், எந்தத் தகவலையும் எதோடும் ஒப்பிட முடியாது. அவர் எழுதிய படமே 2150-களின் வரலாற்றை நம்பி நிற்கிறது.

800-ஐ அந்த விளக்கம் இல்லாமலே கையாளலாம். பைக் சொன்னது காப்பாற்றப்பட்ட உயிர்களின் எண்ணிக்கை. கலத்தின் பணியாளர் எண்ணிக்கை என்று எழுதாதீர்கள். கிர்க்கின் அம்மா கர்ப்பிணியாக அந்தக் கலத்தில் இருந்தார். குடும்பத்தார், பயணிகள் இருந்திருக்க இடமுண்டு. "800 பேர் காப்பாற்றப்பட்டனர் (பைக் கூற்று, 2255)" என்று எழுதினால் பொய் இல்லை, முரணும் இல்லை.

#6 ஹோலோக்ரான்_காவலர்

ஸ்டார் வார்ஸ் பக்கத்திலிருந்து வருகிறேன். எங்களுக்கு இந்தச் சண்டை வேறு வடிவில் வந்தது, உங்களுக்கு உதவக்கூடும்.

25 ஏப்ரல் 2014-ல் லூகாஸ்ஃபிலிம் அறிவித்தது: ஆறு படங்கள், க்ளோன் வார்ஸ் தொடர், இனி வருபவை, இவை கேனன் (அதிகாரப்பூர்வக் கதை). அதற்கு முன்பு வந்த நாவல்கள், காமிக்ஸ், விளையாட்டுகள் எல்லாம் லெஜண்ட்ஸ் (கேனனுக்கு வெளியே). அதுவரை உள்ளே ஹோலோக்ரான் என்ற தரவுத்தளத்தில் ஜி, டி, சி, எஸ், என் என்று அடுக்கு வைத்திருந்தார்கள். மேல் அடுக்கோடு மோதினால் கீழ் அடுக்கு தோற்கும், மோதாத வரை இருக்கலாம். அந்த ஏற்பாட்டின் குறை என்னவென்றால், ஒரு நாவலில் ஒரு பத்தி மட்டும் தோற்று மீதி நிற்கும். எந்தப் பத்தி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். 2014-க்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை. 1999 நாவலில் செத்துப்போன சூவி (சூபாக்கா) 2015 படத்தில் உயிரோடு வருகிறார், யாரும் விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஆனால் அடுத்து வந்த தவறைக் கவனியுங்கள். த்ரான் 1991 நாவலில் பிறந்தவர். 2016-ல் ரெபெல்ஸ் தொடரில் வந்தார். உடனே பலர் 1991-லிருந்து உள்ள அவர் வரலாறு முழுவதையும் புதிய பக்கத்தில் ஏற்றினார்கள். பெயரும் முகமும் குணமும் வந்ததால் வாழ்க்கை வரலாறும் வந்துவிடாது. திரையில் வந்த துண்டு மட்டும் வரும். கான் பக்கத்தில் உங்களுக்கு நடப்பதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

#7 வல்கன்வாசி

ஸ்டார் ட்ரெக்கில் அடுக்கு கிடையாது, திரையில் வந்ததெல்லாம் கேனன் என்பதுதான் எங்கள் விதி. அதுவே போதாதா?

#8 நெபுலா

போதாது. 1966-ல் வந்த "வேர் நோ மேன் ஹாஸ் கான் பிஃபோர்" எபிசோடில் கல்லறைக் கல்லில் "ஜேம்ஸ் ஆர். கிர்க்" என்று பொறித்திருக்கும். கேமரா அதில் நிற்கிறது, தெளிவாகப் படிக்கலாம். ஆனாலும் அவர் ஜேம்ஸ் டி. கிர்க். அந்த "டி" டைபீரியஸ் என்பது முதலில் வந்தது 1974 அனிமேஷன் எபிசோடில். 1980-களின் இறுதியில் அந்த அனிமேஷன் தொடரையே கேனன் இல்லை என்று ராடன்பெரி அலுவலகம் ஒதுக்கியது. 1991 படத்தில் அதே பெயர் பெரிய திரையில் ஒலித்ததும் பெயர் மட்டும் உள்ளே வந்தது. ஹோலோக்ரான்_காவலர் சொன்ன துண்டு விதிதான்.

எனவே திரையில் வந்ததையும் எடை போட வேண்டியிருக்கிறது. இரண்டு அளவுகோல்: எத்தனை முறை வந்தது, கதை அதன் மேல் நிற்கிறதா. "ஆர்" ஒரே முறை வந்தது, அதை எடுத்தாலும் எபிசோடில் எதுவும் மாறாது.

#9 மெக்கா_மதி

எல்லோரும் பழைய கதை ஒன்று அசையாமல் நிற்கிறது, புதியது அதிலிருந்து விலகுகிறது என்று வைத்துப் பேசுகிறீர்கள். காட்ஸில்லாவில் அது செல்லாது. 1984 படம் 1954 படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் வந்த அத்தனை படங்களையும் விட்டுவிட்டது. 1999–2004 வரிசையில் பெரும்பாலான படங்கள் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் தனித்தனியாக 1954-க்கே திரும்புகின்றன. 2002, 2003 படங்கள் மட்டும் ஒன்றன் தொடர்ச்சி. 2000-ல் வந்தது இன்னும் ஒரு படி மேலே போனது: 1954 தாக்குதல் நடந்தது, ஆனால் காட்ஸில்லா சாகவில்லை, தலைநகர் ஒசாகாவுக்குப் போய்விட்டது. பொது அடித்தளம் என்று நினைத்த படத்தின் முடிவையே மாற்றிக்கொண்டார்கள். 2016 படத்தில் 1954-ம் இல்லை. இங்கே பக்கத்தை "பழையது / புதியது" என்று இரண்டாக வெட்டினால் பாதிப் படங்கள் தவறான பக்கம் விழும். ஒவ்வொரு தொடர்ச்சிக்கும் ஒரு பக்கம், மேலே எந்தப் படங்களை ஏற்கிறது என்ற ஒரு வரி, அவ்வளவுதான் வழி.

மேக்ராஸ் ரசிகர்களுக்கு இன்னொரு வகை. 1984 படம் 1982 தொடரின் அதே போரை வேறு விதமாகச் சொல்கிறது. அது அந்த உலகத்துக்குள்ளேயே 2031-ல் வெளியான சினிமா என்று வைத்துவிட்டார்கள். அங்கே "உண்மையில் நடந்தது எது" என்று ஒரு அட்டவணை போட முயல்வதே வீண்.

#10 சிவப்புப்பொருள்

சரி, கிளைங்கிறதை எடுத்துக்கறேன், யோர் விஷயம் வலுவான ஆதாரம். ஆனா கானுக்கு உங்க வெட்டுக்கோடு உதவாது. அவர் பூமியை விட்டுக் கிளம்பினது 1996. அது 2233-க்கு முந்தி. அப்படின்னா ரெண்டு காலக்கோட்டுலயும் அதே ஆள், அதே உடம்பு. 1967-லயும் 1982-லயும் ரிக்கார்டோ மோன்டல்பான், 2013-ல பெனடிக்ட் கம்பர்பேட்ச். அதுக்கு மேல 2023-ல ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் ரெண்டாவது சீசன்ல கானோட வம்சத்துல வந்த லா'ஆன் காலப்பயணத்துல டொரான்டோ போறப்ப கான் இன்னும் சின்னப் பையன். கான் 1992–96-ல ஆண்டார், 1990-கள் நடுவுல யூஜெனிக்ஸ் போர்னு 1967 எபிசோடு "ஸ்பேஸ் சீட்" சொன்னது என்ன ஆச்சு? அதுவும் கெல்வின் இல்ல, பிரைம். பெயரை மாத்தாம சத்தமில்லாம ஒரு ரீபூட் பண்ணிட்டாங்கன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில்?

#11 ஆர்ச்சர்_கட்சி

முகத்தையும் தேதியையும் பிரியுங்கள். இரண்டும் ஒரே வகைச் சிக்கல் இல்லை.

முகம்: பாத்திரம் கவனித்தால் அது தகவல், ரசிகர் மட்டும் கவனித்தால் அது காட்சியமைப்பு. கிளிங்கான் நெற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 தொடரில் வழுவழு நெற்றி, 1979 படத்திலிருந்து மேடு. பல வருடம் அது வெறும் ஒப்பனை வித்தியாசம். 1996-ல் டீப் ஸ்பேஸ் நைன் ஆட்கள் பழைய காலத்துக்குப் போய் அந்தக் கிளிங்கான்களைப் பார்த்துக் கேட்கிறார்கள், வார்ஃப் அதை வெளியாரோடு பேசுவதில்லை என்கிறார். அந்த வினாடியில் அது தகவலாகிவிட்டது. 2005-ல் இரண்டு எபிசோடுகளில் வைரஸ் காரணம் சொன்னார்கள். கானின் முகம் பற்றி 2013 படத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. காமிக்ஸில் முக மாற்றம் என்று காரணம் கொடுத்தார்கள், அது திரை இல்லை. ஆகவே ஒரே ஆள், இரண்டு நடிகர்கள். படமும் அதைத்தான் சொல்கிறது: "ஸ்பேஸ் சீட்"டில் இயங்கிக்கொண்டிருந்த உறைநிலைப் பெட்டிகள் 72, 2013-ல் டார்பிடோக்கள் 72. அந்த எண்ணைத் தெரியாமல் வைத்திருக்க முடியாது.

புதிய எண்டர்பிரைஸின் உள்ளமைப்பு, விசைகள் எல்லாவற்றுக்கும் இதே விதி. 2019-ல் டிஸ்கவரியின் ஒரு எபிசோடு 1960-களில் எடுத்த "த கேஜ்" காட்சிகளோடு தொடங்கி, நேராகப் புதிய நடிகர் முகத்துக்கு வெட்டிக் காட்டியது. வேறு நடிகர், வேறு அரங்கு, அதே சம்பவம் என்று தயாரித்தவர்களே சொன்ன இடம் அது.

தேதி: இங்கே பாத்திரம் கவனிக்கிறது. அந்த 2023 எபிசோடில் வரும் ரோமுலன் உளவாளி ஸெரா, இது 1992-லேயே நடந்திருக்க வேண்டியது, 30 வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று வாய்விட்டே சொல்கிறாள். காலத்தில் பலர் கைவைத்ததால் நிகழ்வுகள் தள்ளிப்போயின, ஆனால் நடந்தே தீருகின்றன என்பது அவள் விளக்கம். எனவே சத்தமில்லாமல் செய்யவில்லை, கதைக்குள்ளேயே அறிவித்துச் செய்த ரெட்கான் (முன்பு சொன்ன தகவலைப் பின்னால் மாற்றுவது). பிடிக்காமல் போகலாம். 1967-ஐ மதித்துக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றிருக்கிறார்கள் என்பதையாவது பக்கம் பதிவு செய்ய வேண்டும்.

#12 நீலப்பெட்டி

டாக்டர் ஹூவில் எது கேனன் என்று பிபிசி தீர்ப்பே சொன்னதில்லை. 2005-ல் வந்தது ரீபூட் போலத் தெரிந்தாலும் 1963-ன் தொடர்ச்சிதான். அதனால் எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஆயுதம்: யார் சொன்னார், யார் பார்த்தார்.

1976-ல் ஒரு டைம் லார்டுக்கு (டாக்டரின் இனம்) 12 மறுபிறப்பு என்று சொல்லப்பட்டது. 2013 கிறிஸ்துமஸ் எபிசோடில் புதிய சுற்று கொடுக்கப்பட்டதைத் திரையில் பார்த்தோம். அது மோதல் இல்லை, தொடர்ச்சி. 2020-ல் டாக்டரின் பிறப்பே வேறு என்று வந்தபோது அதைச் சொன்னது டாக்டரின் எதிரி மாஸ்டர். பொய் சொல்லக்கூடியவர். அன்றைக்கு எழுத வேண்டிய வாக்கியம் "மாஸ்டர் காட்டியபடி". 2021-ல் டாக்டரை வளர்த்த டெக்டியூன் நேரில் வந்து டாக்டரோடு பேசிய பிறகுதான் அந்த "படி"யை எடுக்கலாம். பலர் 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள், இன்னொரு பக்கம் அந்தத் தகவலையே பக்கத்திலிருந்து வெட்டினார்கள். சொன்னவர் பெயரை மட்டும் சேர்த்திருந்தால் இரு தரப்பும் ஒரே வாக்கியத்தை ஏற்றிருக்கலாம்.

#13 நெபுலா

இதுவரை வந்ததை வைத்து, வல்கன்வாசி, பக்கம் எழுதும் முன் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வரி கொண்ட அட்டவணை போடுங்கள். நிரல்கள் ஏழு: தகவல்; படைப்பும் வெளியான வருடமும்; நிமிடம், வினாடி, எந்தப் பதிப்பு; கதைக்குள் தேதி; காட்டப்பட்டதா, சொல்லப்பட்டதா, எழுத்தில் வந்ததா, சொன்னது யார்; எந்தக் காலக்கோடு (பொது, பிரைம், கெல்வின்); கதை இதன் மேல் நிற்கிறதா.

பதிப்பு நிரலை விடாதீர்கள். 1966 தொடருக்கு 2006-லிருந்து புதிய காட்சி விளைவுகள் போட்ட பதிப்பு உண்டு. கலத்தின் தோற்றம், கோள்களின் நிறம் பற்றி வாதிடும்போது இரண்டு பேர் இரண்டு பதிப்பைப் பார்த்துக்கொண்டு அடித்துக்கொள்வார்கள். ஸ்டார் வார்ஸில் ஹானும் க்ரீடோவும் சுடும் காட்சி 1977, 1997, 2004, 2019 என்று நான்கு விதம். எண்களுக்கு டப்பிங்கையும் சப்டைட்டிலையும் நம்ப வேண்டாம், மூல ஒலியைக் கேளுங்கள்.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஆறாவது நிரல். தேதி தெரியாத தகவலை வசதிக்காக "பொது" என்று போட்டுவிடுவார்கள். பிறகு அதிலிருந்து இன்னொரு பக்கம் எடுக்கும், அதிலிருந்து மூன்றாவது. நாலு மாதம் கழித்து மூன்றாவது பக்கத்தையே முதல் பக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். தேதி தெரியாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஆதாரமாக வேறு விக்கிப் பக்கத்தை ஏற்காதீர்கள், படைப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

#14 சிவப்புப்பொருள்

ஒரு வேண்டுகோள். பக்கத் தலைப்புல "அசல் கிர்க்", "மாற்றுக் கிர்க்"னு போடாதீங்க. 2009-ல உள்ள வந்த ரசிகர்களுக்கு அவங்க கிர்க்தான் கிர்க். அப்பா இல்லாம வளர்ந்ததால வந்த கோபம், 25 வயசுல கேப்டன் நாற்காலி, அதெல்லாம் முழுமையான ஒரு ஆளோட வாழ்க்கை. தலைப்புல ஒருத்தரைப் போலின்னு சொன்னா அப்புறம் உள்ள எவ்வளவு நேர்மையா எழுதினாலும் சண்டை நிக்காது. காலக்கோட்டுப் பெயரைப் போட்டாலே போதும். "கெல்வின்" 2016-லிருந்து அதிகாரப்பூர்வப் பெயர்தான்.

#15 வல்கன்வாசி

அப்படியே செய்கிறோம். செக்காவ் இன்று பிரிகிறது: "பாவெல் செக்காவ் (பிரைம்)", பிறப்பு 2245, ஆதாரம் 1967 எபிசோடில் அவர் கூற்று, "பாவெல் செக்காவ் (கெல்வின்)", பிறப்பு 2241, ஆதாரம் 2009 படத்தில் அவர் கூற்று. கெல்வின் கலத்தின் பணியாளர் எண்ணிக்கைக் கட்டம் காலி, 800 சம்பவப் பிரிவுக்குப் போகிறது. கானுக்கு 2233 வரை ஒரே பக்கம், அதன் கீழே பிரைமில் 2267-ல் எழுந்தது ஒரு பிரிவு, கெல்வினில் மார்கஸ் எழுப்பியது ஒரு பிரிவு. போர் ஆண்டுகளில் "1990-களின் நடுப்பகுதி (ஸ்பாக் கூற்று, 1967)" முதல் வரி, "தள்ளிப்போனது (ஸெரா கூற்று, 2023)" இரண்டாம் வரி. ஸெரா பேசும் இடத்தின் நிமிடக் கணக்கு யாரிடமாவது இருந்தால் போடுங்கள், அது வரும் வரை அந்த வரியைச் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.